மருந்து தெரிந்தவர்

காலை ஐந்தரைக்கு வெயிலுமுத்து எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். பல் தேய்த்தான். அரை லிட்டர் பால் பாக்கெட்டின் முனையை வெட்டிப் பாதியைக் காய்ச்சினான். மீதிப் பாதி சாயந்திரத்துக்குள் திரிந்துவிடும், கொட்டிவிடுவான். கடையில் கால் லிட்டர் பாக்கெட்டும் கிடைக்கும். ஆனால் அதைக் கேட்டால் கடைக்காரர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார். அதற்குப் பாலைக் கொட்டுவதே தேவலை. சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஆறு மணிக்கு இரண்டு குடங்களோடு தெருக்குழாய்க்குப் போனான். அன்று தண்ணீர் வரும் நாள். பத்து நாளைக்கு ஒருமுறை வரும் விருந்தாளி என்பதால் கோவில்பட்டி முழுவதும் அதற்கு முன்பே எழுந்து காத்திருந்தது.

வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற அழகுத்தாய், இடுப்புச் செருகலிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"வாங்க அண்ணாச்சி. ஒங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன். எங்க வீட்டு அவியளுக்கு இத எழுதிக் குடுத்திருக்காவ. இது சூடா, குளிர்ச்சியா?"

"டாக்டர்கிட்ட கேளுங்கக்கா."

"அவருகிட்ட கேட்டா மேக்கொண்டு ரெண்டு மாத்திரை எழுதுவாரு. நீங்க மருந்து படிச்சவியதான?"

"நான் படிச்சது கெமிஸ்ட்ரி."

"ரெண்டும் ஒண்ணுதான், போங்க."

ஊருக்கு அது இரண்டும் ஒன்றுதான். தீப்பெட்டித் தொழிலில் குச்சியின் தலையில் ஏறும் கலவைக்கு மருந்து என்று பெயர். அதைக் கலக்கும் இடம் மருந்து ரூம், கலக்குகிறவன் மருந்து மாஸ்டர். பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு எட்டு வருஷமாக வெயிலுமுத்து அந்த வேலையில் இருந்தான். பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் பசையையும் கை கால் போகாமல் கலக்கத் தெரிந்த ஒருவனுக்கு மனித உடம்பு எம்மாத்திரம் என்று தெரு முடிவு செய்துவிட்டது. காய்ச்சல், மூட்டுவலி, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு எல்லாம் அவன் வாசலுக்கு வந்தன. வருத்தம் என்னவென்றால், அவனும் அப்படித்தான் முடிவு செய்திருந்தான். அட்டையைத் திருப்பிப் பார்ப்பான். பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாய்விட்டுப் படிப்பான். அந்த இங்கிலீஷுக்கே பாதி நோய் ஓடிவிடும்.

இப்போது ஒரு வருஷமாக அவன் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. பெண்டாட்டி போன துக்கம் என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் திமிர் என்றார்கள். இரண்டு கட்சிக்கும் அவன் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

ஏழு மணிக்கு மைத்துனன் சோலைராஜ் டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினான். பின்னால் அவன் மனைவி வனிதா, மடியில் இட்லித் தூக்குவாளி. சோலைராஜுக்கு மெயின் ரோட்டில் பருத்திக்கொட்டை, பிண்ணாக்குக் கடை. முப்பத்தெட்டு வயசு. செத்துப்போன சுகுணாவுக்கு ஒரே அண்ணன். வரும் வெள்ளிக்கிழமை அவள் போய் ஒரு வருஷம். தினசரியில் நினைவஞ்சலி விளம்பரம் போட வேண்டும். வாசகத்தை ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருந்தான். படமெல்லாம் கொடுத்தாயிற்று.

"கேளுங்க மாப்ளே. 'முருகா என்ற திருநாமத்தை மொழிந்தபடியே, கழுகுமலையான் கழலடி சேர்ந்த எங்கள் குலவிளக்கே.' எப்படி?"

"அவ எங்க முருகான்னா?" என்றாள் வனிதா, இட்லியைத் தட்டில் வைத்தபடி. "அம்மான்னுல்ல சொன்னா. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"ஒனக்குக் காது மந்தம்ட்டி. முருகான்னா."

"அப்ப நீங்க கடையில பருத்திக்கொட்டை அளந்துக்கிட்டிருந்தீங்க. காது அங்கனருந்தே கேட்டுதோ?"

ஆஸ்பத்திரியில் சுகுணா கிடந்த பதினோரு நாளும் அவள் வாயிலிருந்து வந்தது 'ம்' என்ற ஒரு சத்தம்தான். பேச்சுக்கான பக்கத்து மூளையில் அடைப்பு, வார்த்தை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உறவுக்காரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த ஒற்றை எழுத்துக்கு ஆளுக்கொரு உரை எழுதினார்கள். முருகனில் 'ம்' உண்டு. அம்மாவிலும் உண்டு. ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா, அவள் மாம்பழம் கேட்டதாக இன்றுவரை சாதிக்கிறாள்.

"நீங்கதான் தீத்து வைக்கணும் மாப்ளே. கடைசியா அவ என்னதான் சொன்னா?"

"ஞாபகம் இல்ல மச்சான். முருகான்னே போட்டுக்கிடுங்க."

ஞாபகம் இருந்தது. எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள் என்பது உட்பட இருந்தது. ஒரு வருஷமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதுதான் அவனுடைய முழுநேர வேலை. மருந்து கலப்பது பகுதிநேரம்.

விஷயம் அவள் சாவதற்கு ஏழு மாதம் முந்தித் தொடங்கியது. தை மாசம், இடைசெவலில் ஒரு கல்யாண வீடு. பந்தி நடந்துகொண்டிருக்கும்போது சுகுணா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வியர்த்துக் கொட்டியது. முப்பத்தொரு வயசுப் பெண்ணுக்கு வாயுவைத் தவிர வேறென்ன வரும்? சோடா கொடுத்தார்கள். பூண்டைச் சுட்டுக் கொடுத்தார்கள். முதுகில் குத்தினார்கள். அவளுடைய அப்பாவும் நாற்பத்தொரு வயதில் பருத்தி மார்க்கெட்டில் 'வாயு நெஞ்சை அடைத்து'த்தான் போய்ச் சேர்ந்தார். ஆக, குடும்பத்து வாயு. மூன்றாம் நாளும் வாயு இறங்காததால் மதுரைக்குக் கொண்டு போனார்கள். அங்கே அதற்கு மாரடைப்பு என்று வேறு பெயர் இருந்தது.

அந்த டாக்டர் முதலில் நெஞ்சைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தார். மூக்கை ஒட்டிய இமை ஓரத்தில், இரண்டு பக்கமும், துவரம்பருப்பு அளவுக்கு மஞ்சள் திட்டு.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"அது மஞ்சள் சார்," என்றான் வெயிலுமுத்து. "தினம் பூசிக் குளிக்கா. ஓரத்துல ஒட்டிக்கிடும்."

டாக்டர் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. இன்னொரு முறை அழுத்தித் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"மஞ்சள் இல்ல. கொழுப்பு. ரத்தத்துல இருக்கிறதைக் கண்ணோரத்துல எழுதியே வச்சிருக்கு. நீங்க யாரும் படிக்கல."

கல்யாணமாகி நாலு வருஷம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறான். மஞ்சளுக்கும் கொழுப்புக்கும் வித்தியாசம் தெரியாத வேதியியல் பட்டதாரி. அவன் வீட்டாரோ பெண் பார்க்கப் போன அன்றே, என்ன லட்சுமிகரமான முகம் என்று அந்தத் திட்டுகளுக்கும் சேர்த்துத்தான் மெச்சிக்கொண்டார்கள். சோலைராஜுக்கும் அதே இடத்தில் அதே திட்டு உண்டு. அவன் மஞ்சள் பூசுவதில்லை என்பதால் அது அப்பா ஜாடை என்று வைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் பொறுமைசாலி. காகிதத்தில் ஒரு குழாய் வரைந்தார். "இதயத்துக்குப் போறதும் மூளைக்குப் போறதும் ஒரே ரத்தம், ஒரே மாதிரிக் குழாய். இங்க படிஞ்ச கொழுப்பு அங்க படியாதுன்னு கிடையாது. இங்க அடைச்சா மாரடைப்பு. அங்க அடைச்சா பக்கவாதம். ஒண்ணு வந்தவங்களுக்கு இன்னொண்ணு வர வாய்ப்பு அதிகம். இந்த மாத்திரைங்க ரெண்டுக்கும் சேர்த்துத்தான். என்னைக் கேட்காம எதையும் நிறுத்தக் கூடாது. இது பரம்பரையா வர்றது, கூடப் பிறந்தவங்களையும் கூட்டிட்டு வாங்க."

வெயிலுமுத்து தலையாட்டினான். கோவில்பட்டிக்காரனிடம் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மெயின் லைனில் உப்புப் படிந்தால் ஒரு தெரு மட்டும் காயாது, எல்லாத் தெருவும் வரிசையாகக் காயும் என்பது அங்கே பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைக்கும் தெரியும். நகராட்சிக் குழாய் என்றால் ஊரே இஞ்சினியர். உடம்புக்குள் ஓடுவது என்று வந்துவிட்டால் மட்டும் நெஞ்சுக்குத் தனி லைன், தலைக்குத் தனி லைன்.

கூடப் பிறந்தவன் மதுரைக்குப் போகவில்லை. பருத்திக்கொட்டை சீசன்.

ஆடி மாசம் சுகுணாவுக்கு வயிறு எரிந்தது. மாத்திரையால் இருக்குமோ என்றாள். மதுரைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். தெருமுனையில் எஸ்டிடி பூத் இருந்தது. ஆனால் வீட்டிலேயே மருந்து தெரிந்தவர் இருக்கும்போது பூத்துக்கு எதற்குக் காசு? அவன் அட்டையைத் திருப்பினான். சின்ன எழுத்தை வாய்விட்டுப் படித்தான். அசிட்டைல் சாலிசிலிக் ஆசிட். சிரிப்பே வந்துவிட்டது.

"ஏட்டி, இது ஆஸ்பிரின். காலேஜ்ல ரெண்டாம் வருசம் நானே செஞ்சிருக்கேன், லேப்ல. தலைவலி மாத்திரை. ஒனக்குத் தலை வலிக்கா?"

"இல்ல."

"பெறகு எதுக்கு? நெஞ்சுக்கு வந்தவளுக்குத் தலைவலி மாத்திரைய எழுதிக் குடுத்திருக்கான் பாரு. வயித்த அரிக்கத்தான் செய்யும். நிப்பாட்டு."

நிறுத்தினாள். வயிற்றெரிச்சலும் நின்றது. மருந்து மாஸ்டரின் கைராசியைத் தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். இருபத்து மூன்றாம் நாள் பக்கவாதம் வந்தது. அது தலைக்கான மாத்திரை என்று அவன் சொன்னதில் மட்டும் தப்பில்லை.

"சட்னி போடட்டா அண்ணே?" என்றாள் வனிதா.

"போதும்."

"இவியகிட்டயும் நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நேத்து கடையில டீ குடிக்கையில தம்ளரக் கீழ போட்டுட்டாவளாம்."

"கை வழுக்கிருச்சு. இத ஒரு சேதின்னு சொல்ல வந்துட்டா."

"வழுக்கல அண்ணே. இடது கை அப்படியே தொங்கிப் போச்சாம். கடைப்பையன் சொன்னான். பேச்சும் கொழகொழன்னு வந்திருக்கு, கள்ளுக் குடிச்சவுக மாதிரி. பத்து நிமிசத்துல சரியாப் போச்சாம்."

வெயிலுமுத்து கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தான். மைத்துனனின் முகத்தைப் பார்த்தான். வாசல் வெளிச்சத்தில் இமை ஓரத்து மஞ்சள் திட்டு இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. படிக்கத் தெரிந்தவனுக்குப் பெரிய எழுத்துதான்.

"மச்சான், நெஞ்சு வலி ஏதும் வந்துதா, இதுக்கு முன்னாடி?"

"பங்குனியில லேசா வந்துது. இங்கன ஒரு டாக்டர்கிட்டக் காட்டினேன். ஹார்ட்டு, அது இதுன்னாரு. மாத்திரை குடுத்தாரு."

"போடுதீங்களா?"

சோலைராஜ் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான். ரொம்ப நாளாக ஒளித்து வைத்திருந்த கெட்டிக்காரத்தனத்தை உரிய ஆளிடம் காட்டும் சிரிப்பு.

"என்னைய என்ன மடையன்னு நெனச்சீங்களா? அட்டையத் திருப்பிப் பாத்தேன். நீங்க சுகுணாக்குப் படிச்சுக் காட்டினீங்கள்லா, அதே எழுத்து. நெஞ்சு நோவுக்கு வந்தவன்கிட்டத் தலைவலி மாத்திரையத் தள்ளுதாம்பாரு. அன்னைக்கே நிப்பாட்டிட்டேன். பக்கத்துக் கடைச் சாமித்துரைக்கும் நெஞ்சுக்கு இதே மாத்திரைதான். அவன்கிட்டயும் சொன்னேன், அவனும் நிப்பாட்டிட்டான்."

வெயிலுமுத்து தட்டைத் தள்ளி வைத்தான். மருந்து ரூமில் ஒரு பொறி விழுந்தால் அது குச்சி அடுக்கிய பக்கத்துச் சட்டத்துக்குத் தாவுமா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், எல்லாரும் வெளியே ஓடுவார்கள். அவன் போட்ட பொறி ஒரு வருஷமாகச் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டது யாரையும் காப்பாற்றவில்லை. முதலில் சொன்னதே ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

"வனிதா, ஸ்டாண்டுக்குப் போயி உச்சிமாகாளி கார் இருந்தாக் கூட்டிட்டு வாம்மா. திருநெல்வேலிக்குப் போகணும். இப்பமே."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் இறங்கிப் போனாள்.

"யாருக்கு?" என்றான் சோலைராஜ்.

"ஒங்களுக்கு. நேத்து வந்தது மூளைக்குப் போற குழாயில அடைப்பு. தானா வெலகியிருக்கு. அடுத்த தடவை வெலகணும்னு இல்ல. இன்னைக்கா நாளைக்கான்னு தெரியாது."

"ஹார்ட்டுன்னுல்ல சொன்னாரு டாக்டரு? மூளை எங்கருந்து வந்துது?"

"ரெண்டும் ஒரே குழாய்தான் மச்சான். நெஞ்சுல அடைச்சவனுக்குத் தலையிலயும் அடைக்கும். சுகுணாக்கு அப்படித்தான் ஆச்சு. அந்த மாத்திரை ரத்தத்த உறைய விடாம வைக்கிறது. நான்தான் தலைவலி மாத்திரைன்னு சொல்லி நிப்பாட்டினேன். நான் சொன்னது தப்பு."

சொல்லிவிட்டான். ஒரு வருஷம் சுமந்ததை இறக்கி வைத்ததும் வீடு இடிந்து விழும் என்று எதிர்பார்த்திருந்தான். சோலைராஜ் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"துக்கத்துல பேசுதீங்க மாப்ளே. வருசாந்திரம் நெருங்குதுல்லா, மனசு அப்படித்தான் பெரட்டும். நீங்க மருந்து தெரிஞ்ச ஆளு, நீங்களாவது தப்பாச் சொல்லுறதாவது! அவ விதி முடிஞ்சுது, போனா. கண்ணேறு. அந்தக் கல்யாண வீட்டுல அத்தன பேரு கண்ணும் அவ மேலதான்."

"கண்ணேறு இல்ல. நான்."

"விடுங்க. வெள்ளிக்கெழம தங்கச்சிக்கு வருசம். நான் ஆஸ்பத்திரியில போயிப் படுத்துக்கிட்டா விளம்பரத்த யாரு பாக்க? அடுத்த வாரம் பாத்துக்கிடுவோம்."

இதற்கு வெயிலுமுத்து தயாராக இல்லை. பழி வரும் என்று பயந்து ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு, வாயைத் திறந்தபோது பழி போட ஆள் கிடைக்கவில்லை. குற்றவாளி தானே வந்து நின்றாலும், படித்தவர் என்று நாற்காலி போடுகிற ஊர். அவன் சொல்வதை நம்பி மாத்திரையை விட்டவர்கள், அவனே தப்பென்று சொன்னால் மட்டும் நம்ப மாட்டார்கள்.

வாசலில் ஹாரன் கேட்டது. வனிதா காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். உச்சிமாகாளி வண்டியை அணைக்கவில்லை. சோலைராஜ் நாற்காலியிலிருந்து எழவில்லை. விளம்பர வாசகம் எழுதிய தாளை மறுபடி பிரித்தான்.

"அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் உறுதியாச் சொல்லிருங்க மாப்ளே. பேப்பர்ல வாரது. பொய்யாப் போட்டா நல்லா இருக்காது."

"சரி, எழுதிக்கிடுங்க," என்றான் வெயிலுமுத்து.

சோலைராஜ் பேனாவின் மூடியைக் கழற்றினான்.

வெயிலுமுத்து நின்றபடியே சொன்னான். ஆவணி மாசம், புதன்கிழமை, காலை எட்டேகால். அவன் வேலைக்குக் கிளம்பி சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். சுகுணா அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. வலது கையை இடது கையால் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். "கை மரத்த மாதிரி இருக்குங்க. நேத்தும் கொஞ்ச நேரம் இப்படித்தான் இருந்துது. அந்த மாத்திரைய மறுபடி போட்டுக்கிடட்டா?" என்று கேட்டாள். அவன் சாவியைத் தேடியபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "நெஞ்சுக்குக் குடுத்தது தலைவலி மாத்திரை. இப்ப வந்திருக்கறது கையில. ஒண்ணுக்கொண்ணு என்னட்டி சம்பந்தம்? ராத்திரி கையை மடக்கிப் படுத்திருப்ப." சாவி காலண்டருக்குப் பின்னால் கிடைத்தது. அவள் வாசற்படியில் நின்று ஒரு வாக்கியம் சொன்னாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பதினொன்றேகாலுக்குத் தொழிற்சாலைக்குப் போன் வந்தது. அவன் போய்ப் பார்த்தபோது அவளுக்கு 'ம்' மட்டும்தான் மிச்சம்.

அந்த வாக்கியத்தையும் சொன்னான். அவள் சொன்ன மாதிரியே, மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கி.

சோலைராஜ் எழுதவில்லை. பேனாவை மூடினான். கண்ணோரத்தை விரலால் ஒருமுறை தேய்த்தான், விரலைப் பார்த்தான். அப்புறம் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மைத்துனனின் முகத்தைப் பார்க்காமல் போய்க் காரில் ஏறினான். வெயிலுமுத்து முன் சீட்டில் உட்கார்ந்தான்.  கயத்தாறு தாண்டியதும் பின்னாலிருந்து, "சாமித்துரைகிட்டயும் சொல்லணும்," என்றான் சோலைராஜ். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். கழுத்துக் குழாயில் முக்கால்வாசி அடைப்பாம். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர், கூட்டி வந்தவரைப் படித்தவர் என்று பாராட்டவும் செய்தார். வெள்ளிக்கிழமை விளம்பரம் வந்தது. அதில் சுகுணா முருகா என்று மொழிந்தபடியே கழலடி சேர்ந்திருந்தாள். அச்சுக்கு அதுதான் பொருத்தம்.

வாசற்படியில் நின்று அவள் சொன்னது இது:

"அப்படியா? நீங்க மருந்து தெரிஞ்சவிய... நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."